நம்ம சபை பெண்கள் ஐக்கிய சங்கம், சேலம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவி ஆயரம்மா அவர்களுக்கும் ஆயர் அய்யாவுக்கும் சபை கமிட்டி பெரியவங்களுக்கும், கோரிமேடு, கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கத்துல இருந்தும் ஏற்காடு மலை மேல இருந்தும் வந்திருக்கற அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் நம்ம சங்கத்து காரியங்கள செயலாளரா உங்க முன்னாடி வைக்கறேங்க.

வழக்கமா நடக்கறத மொதல்ல சொல்லிடறேன். செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம், மாசக் கடைசி உபவாச ஜெபம், ஜிஹெச்ல நோயாளிங்கள பாத்துட்டு வர்றது எல்லாம் தடையில்லாம நடந்துச்சு. பெண்கள் ஞாயிறு ஆராதனைய நம்ம சங்கமே நடத்துனோம். அறுப்பின் பண்டிகைக்கு நம்ம ஸ்டால்ல அதிரசமும் முறுக்கும் மதியத்துக்குள்ளயே தீந்துருச்சு. 2025 மார்ச் 7 வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள்ல குக் தீவு பெண்கள் தயாரிச்ச ஆராதனை முறைய வெச்சு 139ஆம் சங்கீதத்த தியானிச்சோம். வரவு செலவு கணக்க பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க.

இனிமே சொல்றது தான் இந்த வருஷத்தோட முக்கியமான விஷயம்.

2024 ஏப்ரல் கமிட்டில, ஜெபிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கற நம்ம விண்ணப்ப நோட்ட எல்லாரும் உக்காந்து பொரட்டிப் பாத்தோம். லோன் வாங்கிட்டோம் கட்ட முடியல ஜெபிங்க, பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டோம் இப்ப மனசு சரியில்ல ஜெபிங்க, பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டேன் இப்ப அண்ணன் பேசறதில்ல ஜெபிங்கன்னு பக்கம் பக்கமா இருந்துச்சு. முடிவெல்லாம் எடுத்து முடிச்சப்புறம் தான் நம்ம பொண்ணுங்க ஜெபத்துக்கு வர்றாங்க, எடுக்கறதுக்கு முன்னாடி வந்து எனக்கு ஞானம் வேணும்னு கேட்ட விண்ணப்பம் தேடித் தான் பாக்க வேண்டியிருந்துச்சு. உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால் தேவனிடத்தில் கேட்கக்கடவன்னு யாக்கோபு 1:5 சொல்லுதே, அதுலயே அவர் சம்பூரணமா கொடுக்கறவர், கடிஞ்சுக்காதவர்னும் இருக்கு, இது கூடவா தெரியலன்னு திட்ட மாட்டாருன்னு அர்த்தம், வீட்லயும் வெளியவும் அந்தப் பேச்சுக்குப் பயந்தே கேள்வி கேக்காம வளந்த நமக்கு இத விட ஆறுதல் என்ன வேணும். அதனால இந்த வருஷம் முழுக்க ஞானம் தான் பாடம்னு தீர்மானம் போட்டோம், கூடவே விண்ணப்ப நோட்டுல "இன்னும் முடிவு எடுக்கல"ன்னு தனியா ஒரு பகுதியும் ஆரம்பிச்சோம்.

பைபிள்ல நீதிமொழிகள் புஸ்தகத்துல இருக்கற 31 அதிகாரத்தையும் தேதிக்கு ஒண்ணுன்னு வாசிச்சோம். வாசிக்கத் தெரியாத ஆயாங்களுக்காக காலேஜ் பொண்ணுங்க தினமும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புனாங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு சங்கம் நன்றி சொல்லுது. வாசிக்க வாசிக்க கேள்வி வந்துச்சு. 6ஆம் அதிகாரத்துலயும் 22ஆம் அதிகாரத்துலயும் அடுத்தவன் கடனுக்கு பிணைப்படாதே, அதாவது ஜாமீன் நிக்காதேன்னு வருது, நம்ம ஊர்ல குரூப் லோன்ன்னா பத்து பேர் சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் பிணை தானே, ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க தலைல தானே விழுதுன்னு ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க. பாங்க்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன நம்ம சங்கத்து அக்கா அடுத்த வாரமே நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வரச்சொல்லி கணக்கு போட்டு காமிச்சாங்க. 50,000 ரூபா ஒரு வருஷத்துக்கு, வட்டி 12 சதவீதம் ஃப்ளாட் ரேட்டு, அதாவது வாங்குன முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் வட்டின்னா, வட்டி மட்டும் 6,000, ஆனா நாம மாசாமாசம் அசலையும் சேர்த்துக் கட்டிட்டே வர்றதால முழு 50,000மும் மொத மாசம் மட்டும் தான் நம்ம கைல இருக்கு, அப்படிப் பாத்தா நிஜமான வட்டி 21 சதவீதத்துக்கு மேல போகுது. மிச்சம் இருக்கற அசலுக்கு மட்டும் வட்டி போடற ரெட்யூசிங் ரேட்டா, ஃப்ளாட் ரேட்டான்னு கேக்காம இனிமே யாரும் கையெழுத்து போடக் கூடாதுன்னு அன்னைக்கு பேசிக்கிட்டோம். கடனே வாங்காதீங்கன்னு சங்கம் சொல்லல, ஸ்கூல் ஃபீஸும் ஆஸ்பத்திரி செலவும் நம்மளக் கேட்டுட்டா வருது. கேட்டு, கணக்கு பாத்து, ஒரு ராத்திரி ஜெபிச்சுட்டு காலைல முடிவு பண்ணுங்கன்னு தான் சொல்றோம்.

ஜூலைலயும் ஆகஸ்ட்லயும் அபிகாயில் பாடம், 1 சாமுவேல் 25. இத ரெண்டு வாரத்துல முடிக்கலாம்னு தான் வெச்சிருந்தோம், முடியல, அவ்வளவு பேச்சு. அபிகாயிலோட புருஷன் நாபால், சாப்பாடு கேட்டு வந்த தாவீதோட ஆளுங்கள அவமானப்படுத்தி அனுப்பிட்டான், தாவீது 400 பேரோட பட்டயத்தக் கட்டிட்டு பழி வாங்கக் கிளம்பிட்டான், அபிகாயில் 200 அப்பம், 2 தோல் துருத்தி திராட்சரசம், சமைச்ச 5 ஆடு, 5 படி வறுத்த பயறு, 100 வற்றல் திராட்சக்குலை, 200 அத்திப்பழ அடை எல்லாத்தையும் கழுதை மேல ஏத்தி எதுர்ல போய் நிக்கறா. புருஷனுக்குச் சொல்லாம போனது சரியான்னு ரெண்டு கட்சியா பிரிஞ்சு பேசுனாங்க. என் மனசுல பட்டத சொல்றேன், அவ மறைக்கணும்னு மறைக்கல, சாயந்தரம் திரும்பி வர்றப்ப அவன் குடிச்சு வெறிச்சுக் கெடக்கான், விடியற வரைக்கும் சின்னதோ பெருசோ ஒண்ணுமே பேசல, வெறி தெளிஞ்சப்புறம் காலைல எல்லாத்தையும் சொல்லிட்டா. எப்ப பேசணும் எப்ப பேசக் கூடாதுன்னு தெரிஞ்சிருந்தா. குடிக்கற புருஷன வெச்சிட்டு வாழற நம்ம சகோதரிங்க அந்த வசனம் வாசிக்கறப்ப அழுதுட்டாங்க.

இத ஒண்ணு அழுத்திச் சொல்லணும். பொறுமையா இருக்கறது தான் ஞானம், அதனால அடிய வாங்கிட்டு இருன்னு சில பேர் சொல்றாங்க, அபிகாயில் கதைல அப்படி ஒண்ணும் இல்லீங்க. அவ தன் உயிரையும் வீட்ல இருந்த எல்லார் உயிரையும் காப்பாத்த எழுந்து போனவ. வீட்ல அடி உதைன்னா ஆயரம்மாகிட்ட வாங்க, ராத்திரின்னாலும் வாங்க, 181க்கு போன் பண்ணா அரசு மகளிர் உதவி மையம் எடுப்பாங்க, அந்த நம்பர சங்கத்து போர்டுலயும் எழுதி வெச்சாச்சு.

அக்டோபர்ல எண்ணாகமம் 27, செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாம எங்கப்பா செத்துட்டாரு, அதுக்காக அவர் பேர் அழியணுமா, எங்களுக்கும் காணி, அதாவது நிலத்துல பங்கு கொடுங்கன்னு மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை முழுசுக்கும் முன்னாடி நின்னு கேட்டாங்க. மோசே கூட தானா தீர்ப்பு சொல்லல, கர்த்தர்கிட்ட கொண்டு போனாரு, கர்த்தர் அந்தப் பொண்ணுங்க பேசறது சரின்னு சொன்னாரு. நம்ம சபைல சொத்து பத்தி பொண்ணு வாய் திறந்தா பேராசைன்னு பாக்கறவங்க இருக்காங்க, அதனால வக்கீல் சகோதரி ஒருத்தர கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். கிறிஸ்தவங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் தான் பொருந்தும், உயில் எழுதாம அப்பா இறந்துட்டா அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு, மகன் மகள்னு வித்தியாசம் இல்லாம சமமான்னு அவங்க சொன்னப்ப நிறைய பேருக்கு அது புதுசா இருந்துச்சு. சொத்துல உங்க பங்க விட்டுக் கொடுக்கற விடுதலைப் பத்திரம்னு நீட்டுனா படிச்சுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க, விட்டுக் கொடுக்கறதா இருந்தா தெரிஞ்சே மனசார விட்டுக் கொடுங்க, அது அன்பு, ஏமாந்து விட்டா அண்ணன் தங்கச்சி உறவே கெட்டுப் போயிடுதுன்னும் சொன்னாங்க.

டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை, ஏற்காடு மலைப்பாதைல மண் சரிஞ்சு வண்டி போக முடியல, மேல இருக்கற நம்ம குடும்பங்களுக்கு அரிசி, பாய், பெட்ஷீட் எல்லாம் ரோடு சரியானதும் அனுப்பி வெச்சோம். அங்க வெச்சிருந்த ரிட்ரீட்டயும் (தியான முகாம்) தள்ளி வெக்க வேண்டியதாச்சு, அப்புறம் காப்பி பழம் பறிக்கற சீசன், எஸ்டேட்ல கூலிக்குப் போற சகோதரிங்க சம்பளத்த விட்டுட்டு வர முடியாது, அவங்க இல்லாம நடத்தறதுல அர்த்தமே இல்லன்னு பிப்ரவரி கடைசில தான் வெச்சோம். அது நல்ல முடிவு, ஏன்னா அன்னைக்கு நல்ல சாட்சிங்க மலைல இருந்து தான் வந்துச்சு.

ரிட்ரீட்ல பாடம் நீதிமொழிகள் 31ல வர்ற குணசாலியான ஸ்திரீ. இருட்டோட எழுந்திரிக்கறா, ராத்திரில விளக்கு அணையாம வேலை பாக்கறா, எங்களால முடியாது அக்கான்னு வீட்லயே கொலுசு வேலை பாக்கற ஒரு தங்கச்சி சொல்லிட்டா. அப்ப எஸ்டேட்ல வேலை பாக்கற ஒரு பெரியம்மா பைபிள திறந்து, இதுல 15ஆம் வசனத்துல அவளுக்கு வேலைக்காரிங்க இருந்தாங்களே, தனியாளா ஒண்ணும் செய்யலையேன்னாங்க. 1ஆம் வசனத்த பாத்தா இது ராஜாவான மகனுக்கு ஒரு அம்மா சொல்லிக் கொடுத்த உபதேசம், அப்ப இத நம்ம பசங்களுக்கும் இல்ல சொல்லிக் கொடுக்கணும், பொண்ணுங்கள மட்டும் உக்கார வெச்சு ஏன் வாசிக்கறோம்னு அவங்க கேட்டதும் ஆயர் அய்யா அங்கயே வாலிபர் கூட்டத்துக்கு இந்தப் பாடத்த எடுக்கறேன்னு வாக்கு கொடுத்தாரு. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்தப் பெரியம்மாவ இந்த வருஷம் கமிட்டிக்கு எடுக்கணும்னு நான் முன்மொழியறேன், யாராவது வழிமொழியணும்னு கேட்டுக்கறேன்.

"இன்னும் முடிவு எடுக்கல" பகுதி இப்ப நோட்டுல பாதிக்கு மேல வந்துருச்சு. என்ன எழுதியிருக்காங்கன்னு சபைல சொல்ல மாட்டேன், அது அவங்களுக்கும் ஜெபிக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கட்டும். பதில் உடனே கெடைக்காதவங்களும் இருக்காங்க, அவங்கள தனியா விட வேண்டாம், வீட்டுக்குப் போய் பாருங்க.

வர்ற வருஷம் யாக்கோபு நிருபம் அஞ்சு அதிகாரத்தையும் நிதானமா படிக்கறதா கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. பரத்திலிருந்து வர்ற ஞானம் சுத்தமுள்ளது, சமாதானமுள்ளதுன்னு வர்ற 3:17 தான் மொத மனப்பாட வசனம். கூட்டம் செவ்வாய் சாயந்தரம் அதே நேரம், மலைல இருக்கறவங்களுக்கு மாசத்துல ஒரு கூட்டம் ஏற்காட்டுலயே. சந்தா பாக்கி இருக்கறவங்க பொருளாளர் அக்காகிட்ட கொடுத்துடுங்க, முடியாதவங்க சொல்லிடுங்க போதும். இந்த அறிக்கைய ஏத்துக்கும்படி கேட்டுக்கறேங்க.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்