படுக்கை இல்லாத மையங்களையும் பாருங்கள்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவர், முதன்மைச் செயல் அலுவலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை. மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் தொழில்முறையாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் எண் உள்ளவள். ஆட்டிசம், பேச்சுத் தாமதம், ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு, பள்ளி என்றாலே நடுக்கம் என்று வரும் பிள்ளைகளைப் பார்க்கும் தனியார் தெரபி மையங்களில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த மையங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பல்வகை மனநல நிறுவனங்களுக்கும் தர நெறிகளை வகுப்பது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 55ஆம் பிரிவில் உங்களுக்கு இட்டிருக்கும் வேலைகளில் ஒன்று. குழந்தைகளுக்கான மனநலச் சேவையை அரசு தர வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் எவரும், பிள்ளைகள் போகும் மையம் எப்படி இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பீர்கள் என்றுதான் நம்புவார். ஆனால் அச்சட்டம் மனநல நிறுவனம் என்று வரையறுப்பது, நோயுற்றவரைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடத்தை. மாலை நாலரைக்கு வந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடும் பிள்ளை அதற்குள் வருவதில்லை. அறிவுசார் குறைபாட்டை மனநோயாகக் கருதக் கூடாது என்றும் அதே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அது சரியான முடிவுதான். ஆனால் விலக்கப்பட்ட பிள்ளையை யார் பார்ப்பது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவும் பதிவுச் சான்று இல்லாமல் நடக்கக் கூடாது என்று அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு கறாராகவே சொல்கிறது. அது பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்பே தெரபிக்கு வந்துவிடுகிறது. பள்ளி வாசலைக் கண்டதும் வாந்தி எடுக்கும் பத்து வயதுச் சிறுமிக்கு அந்த அட்டைக்கே வேலையில்லை. இருவரும் ஏறி வருவது ஒரே மாடிப்படி. இதனால் மையத்துக்கு ஒரு வசதி: மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கேட்டால் ஆலோசனை மையம், சுகாதாரத் துறை கேட்டால் பயிற்சிப் பள்ளி.

மறுவாழ்வு கவுன்சில் பதிவு செய்வது ஆட்களை; இடங்களை அல்ல. பதிவில்லாதவர் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் இன்று நகரங்களில் ஓரிரு அமர்வுக்கு வாங்கும் கட்டணம்.

இந்த இடைவெளியில் நடப்பதைச் சொல்கிறேன். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையது. உள்ளே பிள்ளையோடு உட்காருபவர் வேறொருவர். பெரும்பாலும் ஏதோ ஒரு பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்த பெண். இரண்டு வாரம் மற்றவர்களைப் பார்த்துப் பழகியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; அவருக்குக் கிடைக்கும் சம்பளத்துக்கு அவர் படும் பாடு அதிகம். சான்றிதழுக்கு உரியவர் வாரத்தில் ஒருநாள் வந்து கையெழுத்துப் போடுவார். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் பிள்ளையின் முன்னேற்றக் குறிப்பேட்டைப் புரட்டினேன். மாதத்தின் முதல் நாளில் ‘நன்கு ஒத்துழைத்தான்’ என்று இருந்தது. அதன்கீழ் மாதக் கடைசிவரை ‘மேற்படி’, ‘மேற்படி’ என்றே ஓடியது. அவன் காய்ச்சலாகி வராத மூன்று நாள்களுக்கும் மேற்படிதான்.

இன்னொரு மையத்தில் இடுப்புக்கும் கால்களுக்கும் பட்டை வைத்த மர நாற்காலி இருந்தது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு முதுகு நிமிர அது தேவைதான். ஆனால் அதில் கட்டப்பட்டிருந்தவன் நன்றாக ஓடக்கூடிய ஐந்து வயதுப் பையன். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் உட்காரும் பயிற்சி. உங்கள் சட்டத்தின் 97ஆம் பிரிவைப் பாருங்கள். மனநல நிறுவனத்தில் ஒருவரைக் கட்டிவைப்பதென்றால் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இருக்கக் கூடாது. மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். காரணத்தைப் பதிய வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். தனியறையில் அடைப்பது முற்றாகத் தடை. இவ்வளவு காவலும் படுக்கை உள்ள இடத்துக்கு. நான் சொல்லும் மாடியில் ஐந்து வயதுப் பையனைக் கட்டிவைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கதவு சாத்தியிருக்கும். அம்மாவைக் கண்டால் பிள்ளை அழுவான், பாடம் கெடும் என்பார்கள். சில நாள் அது உண்மையும்கூட. ஆனால் பேச்சு வராத பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று சொல்லாது. அந்தக் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு பதிக்க எவ்வளவு செலவாகும்?

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரம் செய்வது தொழில் நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னது. அது மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும். ஆறு மாதத்தில் பேசவைக்கிறோம் என்று ஆட்டோவின் முதுகில் ஒட்டும் மையத்தில் மருத்துவரே இல்லையென்றால் யாரைக் கட்டுப்படுத்தும்?

நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை. மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரோடு கலந்து, பகல் நேர மையங்களுக்கென்று ஒரு தர நெறியை இப்போதே வெளியிடலாம். முதலில் விருப்பத்தின்பேரில் சேரட்டும். சேர்ந்த மையங்களின் பெயரைப் பொதுவில் வையுங்கள். பெயர் இல்லாத மையத்திடம் ஏன் இல்லை என்று பெற்றோரே கேட்பார்கள்.

அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட என்ன இருக்கக் கூடாது என்பதில்தான் எனக்குப் பயம். நம் ஊரில் தரம் என்றதும் சதுர அடி, லிஃப்ட், ஜெனரேட்டர் என்று பட்டியல் நீளும். உடனே கோப்பு தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகர்கள் முளைப்பார்கள். பளிங்குத் தரை போட்ட சங்கிலி மையங்கள் ஒரே வாரத்தில் சான்று வாங்கிவிடும். தாலுகா ஊரில் வாடகை வீட்டில், நான்கு பாயை விரித்து ஒழுங்காக வேலை செய்யும் சிறிய அறக்கட்டளைதான் மூடப்படும். அப்படி ஒன்று மூடினால் அங்கு வரும் பிள்ளைகளுக்கு அடுத்த மையம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கும். தீயணைப்பு, கழிவறை, மாடியில் கம்பித் தடுப்பு ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்றபடி கட்டடத்தை விட்டுவிட்டுக் குறிப்பேட்டைப் பாருங்கள். இந்தப் பிள்ளையோடு இன்று உட்கார்ந்தவர் யார், அவர் படித்தது என்ன, அவரை மேற்பார்வை செய்தவர் எப்போது வந்தார், மூன்று மாதத்துக்கு முன் வைத்த இலக்கு என்ன, அது நடக்கவில்லையென்றால் திட்டத்தை மாற்றினார்களா? ஒரு பிள்ளையின் ஏட்டை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினால் எந்த மையத்தின் லட்சணமும் தெரிந்துவிடும்.

ஆய்வுக்கு யாரை அனுப்புவது என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி, பிள்ளைகளையும் வளரிளம் பருவத்தினரையும் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவுகளுக்காக 2001 முதல் ஒரு தர வலையமைப்பை நடத்துகிறது. ஒரு பிரிவில் வேலை செய்பவர்களே மற்றொரு பிரிவைப் போய்ப் பார்க்கிறார்கள். சிகிச்சை பெற்ற இளையவர்களும் பெற்றோரும் குழுவில் போகிறார்கள். உள்வேலை தெரிந்தவர் கண்ணுக்கு மேற்படி தப்பாது. உங்கள் ஆணையத்திலேயே பராமரிப்பாளர்களுக்கு இரண்டு இடங்களைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் ஒன்றையாவது குழந்தையை வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ கொடுங்கள்.

அதே 2001இல், ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று நாடே கேட்டது அதற்குப் பிறகுதான். தெரபி மையங்களைப் பற்றி இப்போதே கேட்கலாம் என்கிறேன்.

வரைவு தயாரானதும் தமிழில் வெளியிடுங்கள். மாவட்ட மனநலத் திட்ட அலுவலகங்களில் படிக்க வையுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். மற்ற நாள்களில் பெற்றோருக்கு வேலையும், அது முடிந்தால் தெரபியும் இருக்கும். மையங்களில் வேலை செய்பவர்கள் பெயர் சொல்லாமல் புகார் தரவும் ஒரு வழி வையுங்கள். இந்தக் கடிதத்தில் நானே என் பெயரைப் போடவில்லை. வரும் மாதமும் எனக்குச் சம்பளம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை