1957 செவர்லே மாடல் கார்ல ஒன்பது நூல் கட்டினவருக்கு

அன்புள்ள ஐயா,

உங்க பேர் எனக்குத் தெரியாது. நீங்க சின்ன வயசுல ஒட்டிச் செஞ்ச 1957 செவர்லே பெல் ஏர் பிளாஸ்டிக் மாடல் கார் இப்ப என்கிட்ட இருக்கு. அதோட அடியில சேசிஸ்ல காம்பஸ் முனையால கீறின மாதிரி ரெண்டு எழுத்து இருக்கு, உங்க பேரோட முதல் எழுத்துகளா இருக்கும்னு நினைக்கறேன், அத இங்க போட மாட்டேன். பாகம் பாகமா டப்பாவுல வர்ற இந்த கிட் கடைக்கு வந்தது 1960-கள்ல, அப்ப உங்களுக்கு பன்னெண்டு பதிமூணு வயசுன்னு வச்சா இப்ப எழுபது தாண்டியிருக்கும், அதனாலதான் ஐயா. பையன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன், பொண்ணா இருந்தா மன்னிச்சுக்கோங்கம்மா. இத நீங்க படிக்கப் போறதில்லன்னும் தெரியும். ஆபீஸ்ல பேசற இங்கிலீஷ்லயே எழுதிப் பார்த்தேன், வேலை ரிப்போர்ட் மாதிரி வந்துச்சு, அழிச்சிட்டு என் மொழியிலயே எழுதறேன்.

போன ஜனவரியில டெட்ராய்ட் பக்கத்துல ஒரு ஹால்ல பழைய மாடல் கார் விக்கறவங்க கூடியிருந்தாங்க, அங்க ஒரு மேசைக்கு அடியில ஷூ டப்பாவுக்குள்ள உங்க கார் கிடந்துச்சு. 12 டாலர். எங்க கிடைச்சுதுன்னு கேட்டா, யாரோ வீட்ட காலி பண்ணும்போது மொத்தமா எடுத்ததுன்னார், அதுக்கு மேல அவருக்கும் தெரியல. முன் பம்பர் இல்ல, ஒரு பக்கம் விண்ட்ஷீல்டு தூண் உடைஞ்சிருக்கு, உடம்பு பூரா பிரஷ்ஷால அடிச்ச டர்க்காய்ஸ், ரூஃப் மட்டும் வெள்ளை, பின் கண்ணாடியில க்ளூ இழுத்த தடம், அதுலயே ஒரு கட்டைவிரல் ரேகை. இந்த மாதிரி கார இங்க மாடல் செய்யறவங்க க்ளூ பாம்னு சொல்லுவாங்க. அன்னிக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். இப்ப அந்தப் பேர் எனக்குப் பிடிக்கல.

உண்மைய சொல்லிடறேன், உங்க கார நான் வாங்கினது பாகத்துக்காக. அந்தக் காலத்து கிட் நிறைய திரும்ப கிடைக்காது, ஏன்னா வருஷா வருஷம் டெட்ராய்ட்ல புது மாடல் வந்ததும் போன வருஷத்து அச்சையே வெட்டி மாத்தி இந்த வருஷத்து காரா ஆக்கிடுவாங்க, பழைய கார் அதோட போச்சு. ஆனா உங்க 57 அப்படி இல்ல, அது திரும்பத் திரும்ப அச்சாகி வந்துட்டேதான் இருக்கு, புது டப்பாவே வாங்கலாம். என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு ஸ்டியரிங், பின் சீட்டு, கொஞ்சம் குரோம் பாகம் கிடைச்சா போதும்னுதான் உங்க காரைத் தூக்கினேன்.

நான் இருக்கறது டெட்ராய்ட் பக்கத்துல ட்ராய்ங்கற ஊர்ல, காருக்கு பாகம் செய்யற ஒரு கம்பெனியில வேலை. தினமும் போறது மேப்பிள் ரோட்டு வழியா. உங்க கிட் டப்பாவுல அந்த ரோட்டு பேர் அச்சடிச்சிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏஎம்டி கம்பெனி அங்கதான் இருந்துச்சு. 1948-ல வெஸ்ட் கலோக்லின்னு ஒரு வக்கீல் ஆரம்பிச்சது, முதல் கார் அலுமினியத்துல செஞ்சதால அலுமினியம் மாடல் டாய்ஸ்னு பேரு, அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறியும் பேர் மாறல. ஆரம்பத்துல அவங்க செஞ்சது கிட் இல்ல, ஷோரூம்ல கொடுக்கற குட்டி கார், அப்பா புது கார் பாக்க வந்தா கூட வந்த பிள்ளைக்கு அதே கார், அதே கம்பெனி கலர்ல. 1958-ல தான் அத பாகம் பாகமா டப்பாவுல போட்டு, ஒரே கிட்ட மூணு விதமா செய்யலாம்னு விக்க ஆரம்பிச்சாங்க: கம்பெனியில வந்தபடி, அலங்காரமா, இல்ல ரேஸ் காரா. பசங்க பெரும்பாலும் ரேஸ் காரத்தான் செஞ்சிருக்காங்க, சந்தையில கிடைக்கற பழைய கார்கள பாத்தாலே தெரியும், பின் டயர் பெருசு, பக்கவாட்டுல நம்பர் ஸ்டிக்கர். நீங்க ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்டல. கம்பெனியில வந்தபடியே செஞ்சிருக்கீங்க. அத நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

பிரிச்ச கதைக்கு வரேன். அந்தக் காலத்து ட்யூப் க்ளூ பிளாஸ்டிக்க ஒட்டல, கரைக்குது, அதுல இருந்த டாலுயீன் ரெண்டு பக்கத்தையும் இளக்கி ஒண்ணாக்கிடும், வெல்டிங் மாதிரி. ஆனா வருஷம் ஆக ஆக அந்த ஜாயின்ட் மொறுமொறுன்னு ஆயிடும், ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வச்சு காலைல எடுத்து லேசா வளைச்சா டக்குனு விட்டுடும். உங்க கார் ஒரு ராத்திரி எங்க வீட்டு ஃப்ரீசர்ல மீன் பாக்கெட்டு பக்கத்துல தூங்குச்சு. காலைல பாடி தனியா, சேசிஸ் தனியா, இன்ஜின் தனியா வந்துடுச்சு. இன்ஜின்ல கருப்பு தையல் நூல் கொத்தா தொங்கிட்டு இருந்தத பாத்தேன், சின்னப் பையன் ஏதோ வயர்னு வச்சிருக்கான்னு நினைச்சு, ஒரு பழைய மாத்திரை டப்பாவுல போட்டு மூடி வச்சிட்டேன். மூணு வாரம் அப்படியே கிடந்துச்சு.

மூணு வாரம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை, புது கிட்டோட இன்ஜினுக்கு வயர் போட உக்காந்தேன். மாடல் செய்யாதவங்களுக்காக ஒரு வார்த்தை: 283 கியூபிக் இன்ச் வி8, எட்டு சிலிண்டர், பின்னாடி நடுவுல கரன்ட்ட பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர், அதுலேர்ந்து எட்டு ஸ்பார்க் பிளக்குக்கு எட்டு வயர், காயிலுக்கு ஒண்ணு, மொத்தம் ஒன்பது. நிஜ வயர் 7 மில்லிமீட்டர் இருக்கும், 25-ல ஒரு பங்கு அளவுக்கு 0.28, அதனால 0.3 வயர் வாங்கி வச்சிருந்தேன். எந்த வயர் எங்க போகணும்னா அது இஷ்டத்துக்கு இல்ல, செவர்லே வி8-ல சிலிண்டர் ஒண்ணொண்ணா எரியற வரிசை 1-8-4-3-6-5-7-2, டிரைவர் பக்கம், அதாவது இங்க இடது பக்கம், ஒற்றைப்படை, அந்தப் பக்கம் இரட்டைப்படை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில கடிகாரம் சுத்தற திசையில இந்த வரிசையில வயர் போகணும். பேப்பர்ல படம் போட்டு பக்கத்துல வச்சுக்கிட்டு, மூடி எவ்வளவு பெருசா தெரியணும்னு பாக்க உங்க இன்ஜின டப்பாவுலேர்ந்து எடுத்து விளக்குக்கு கீழ வச்சேன்.

நூல எண்ணினேன். ஒன்பது.

சரி, எண்ணிக்கை தற்செயலா இருக்கலாம்னு ஒரு ஊசியால ஒவ்வொரு நூலா தூக்கி எங்க போகுதுன்னு பாத்தேன். ஒண்ணு முன்னாடி இடது பக்கம். அடுத்தது வலது பக்கம் கடைசி, எட்டு. அடுத்தது நாலு. மூணு. ஆறு. அஞ்சு. ஏழு. ரெண்டு. ஒன்பதாவது காயிலுக்கு. ரெண்டு தடவை பாத்தேன், மூணாவது தடவை என் பொண்ண கூப்பிட்டு நம்பர படிக்கச் சொல்லி பாத்தேன். ஒண்ணு கூட தப்பு இல்ல. கைக்கு அடங்காத க்ளூவும் அம்மாவோட தையல் டப்பாவுலேர்ந்து எடுத்த நூலும் வச்சுக்கிட்டு, பட்டாணி அளவு கூட இல்லாத ஒரு மூடியில, எட்டையும் சரியா கட்டியிருக்கீங்க. நூலோட கனமும் 0.3 பக்கம்தான், நான் காசு கொடுத்து வாங்கின வயரோட அளவு.

அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு, அது புரிய எனக்கு இன்னும் ரெண்டு நாள் ஆச்சு. அஞ்சாவது சிலிண்டர் நூலும் ஏழாவது சிலிண்டர் நூலும் பக்கத்து பக்கத்துல போக வேண்டியது, நீங்க ஏழ மட்டும் தனியா பிரிச்சு பின்னாடி சுத்தி எடுத்துட்டு போயிருக்கீங்க. கை தவறினதுன்னு நினைச்சேன். அப்புறம் எங்க கம்பெனியில ரிட்டயர் ஆகப் போற ஒரு பெரிய மெக்கானிக்கிட்ட போட்டோவ காட்டினேன், அவர் பாத்த உடனே சொன்னார், அஞ்சும் ஏழும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா எரியுது, ரெண்டும் ஒரே பக்கம், வயர் ரெண்டையும் ஒட்டி ஓட விட்டா ஒண்ணுல போற கரன்ட் இன்னொண்ணுல தூண்டப்பட்டு ஏழு முன்கூட்டியே எரிஞ்சிடும், அதனால தெரிஞ்சவன் அந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் கட்டுவான்னு. மாடல் கார்ல கரன்டே ஓடாது ஐயா. அதுலயும் பிரிச்சுக் கட்டியிருக்கீங்க.

இத யார் உங்களுக்கு சொல்லிக் கொடுத்தாங்க? அதுதான் நான் கேக்க நினைக்கறது, இந்தக் கடிதமே அதுக்குத்தான். புத்தகத்துல படிச்சு வந்த மாதிரி தெரியல, யாரோ ஒருத்தர் பானட்ட திறந்து வச்சு, உங்க கையப் பிடிச்சு, இது இங்க, அது அங்க, இந்த ரெண்டையும் சேக்காதேன்னு காட்டியிருக்கணும். அப்பாவா? அந்த வி8 இன்ஜின் செஞ்சது இங்கேர்ந்து ஒரு மணி நேர தூரத்துல இருக்கற ஃப்ளின்ட்ல, அந்த ஊர்ல வேலை பாத்தவரா? பக்கத்து வீட்டு மெக்கானிக்கா? ஜெனரல் மோட்டார்ஸ் 1968 வரைக்கும் பசங்களுக்கு நடத்தின ஃபிஷர் பாடி மாடல் போட்டிக்கு நீங்களும் ஏதாவது செஞ்சு அனுப்பினீங்களா? அதுல 1947-ல ஜெயிச்ச சக் ஜோர்டன்னு ஒரு பையன் பின்னாடி அந்தக் கம்பெனியோட டிசைன் தலைவராவே ஆனார், உங்க கை அந்த மாதிரி கைதான்.

அன்னிக்கு ராத்திரியே புது கிட்ட மூடி அலமாரியில வச்சிட்டேன். உங்க காரைத்தான் செய்யணும்னு முடிவு.

ஆனா உங்க பெயிண்ட்ட எடுத்துட்டேன், அதுக்கு காரணம் சொல்லணும். நிஜ கார்ல பெயிண்ட் மொத்த கனமே 0.1 மில்லிமீட்டர் வாக்குலதான், நாம மாடல்ல அதே 0.1 அடிச்சா கூட நிஜ அளவுக்கு ரெண்டரை மில்லிமீட்டர் தடிமன் ஆயிடுது. பிரஷ்ஷுல ரெண்டு கோட்டிங்னா கேக்கவே வேண்டாம், கதவு இடுக்கு மூடிப் போச்சு, பானட்டுல செவர்லேன்னு இருக்கற எழுத்து காணவே காணோம், பின் ரெக்கையோட கூர்மை மழுங்கிடுச்சு. அச்சுல ரெண்டு பாதி சேர்ற இடத்துல வர்ற மெல்லிசு கோட்டையும் நீங்க சுரண்டல, அது ஃபெண்டர் மேல அப்படியே ஓடுது. கரைசல்ல ஊற வச்சு பல் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்தேன், தூண ஒரு பிளாஸ்டிக் பட்டையால கட்டி, பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டு இழைச்சு, கதவு கோடெல்லாம் ஊசியால மறுபடி ஆழமாக்கினேன். கலர் மட்டும் உங்க கலர்தான். டிராபிக்கல் டர்க்காய்ஸ், மேல இந்தியா ஐவரி, ரெண்டுமே 57-ல கம்பெனி கொடுத்த கலர், நீங்க அத தெரிஞ்சேதான் எடுத்திருக்கீங்கன்னு இப்ப நம்பறேன். முதல் தடவை அடிச்சது ஆகஸ்ட்ல, காத்துல ஈரம் ஜாஸ்தி, பெயிண்ட் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு, எல்லாத்தையும் திரும்ப எடுத்து செப்டம்பர் கடைசியில காஞ்ச நாள் பாத்து அடிச்சேன்.

குரோம் பட்டைக்கெல்லாம் ஒட்டற ஃபாயில், பூ இதழ விட மெல்லிசு, புது பிளேடு இல்லாம தொடக் கூடாது, பட்ஸால அமுக்கி அமுக்கி படிய வைக்கணும். பானட் எழுத்துக்கு பெயிண்டுக்கு முன்னாடியே ஃபாயில ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சு, காஞ்சதும் எழுத்தோட முகட்ட மட்டும் தின்னர் தொட்ட துணியால மெதுவா தேய்ச்சா வெள்ளி எழுத்து மட்டும் மேல எழும்பி வரும், அது வர்ற நேரம் மூச்ச பிடிச்சுட்டுதான் இருந்தேன். பெல் ஏர்ல அந்த எழுத்து தங்க நிறம், அதனால மேல மஞ்சள் கலந்த கிளியர் ஒரு கோட். கிரில்லும் தங்கம், முன் ஃபெண்டர்ல மூணு குட்டி அம்பும் தங்கம். பின் பக்கம் அந்த முக்கோண அலுமினியத் தகடு இருக்கே, அது குரோம் மாதிரி பளபளக்கக் கூடாது, மங்கலா இருக்கணும், அதுக்கு வேற ஃபாயில். நிறைய பேர் ரெண்டையும் ஒரே மாதிரி மினுக்கிடறாங்க, அது எனக்கு கண்ண உறுத்தும். பெட்ரோல் மூடி இடது ரெக்கையோட குரோம் பட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும் இல்லையா, அந்த இடத்துல ஒரு மயிரளவு கோடு மட்டும் கீறியிருக்கேன், உங்களுக்கு மட்டும் தெரியும்.

தரைக்கு கம்பளம், கண்ணாடிக்கு பாலிஷ், பம்பர் புது கிட்லேர்ந்து, அதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. முகம்லேர்ந்து வால் வரைக்கும் சரியா 8 இன்ச், நிஜ கார் 200 இன்ச்.

இன்ஜின நான் தொடல. ஆரஞ்சு நீங்க அடிச்சது, பிரஷ் தடத்தோட அப்படியே இருக்கு. நண்பர் ஒருத்தர், பாடி இவ்வளவு சுத்தமா இருக்கும்போது உள்ள அந்த நூல் மட்டும் பிசிறா இருக்கு, மாத்திடு, போட்டிக்கு வச்சா மார்க் போகும்னார். போகட்டும். போட்டிக்கு வைக்கல. பானட்ட ஒட்டவும் இல்ல, தூக்கினா நூல் தெரியணும். அடியில உங்க ரெண்டு எழுத்தும் இருக்கு, பின் கண்ணாடி புதுசு போட்டுட்டேன் ஆனா ரேகை இருந்த பழசு மாத்திரை டப்பாவுல பத்திரமா இருக்கு.

ஒரே ஒரு விஷயம். மூணாவது சிலிண்டர் நூல் ஃப்ரீசர்லேர்ந்து எடுக்கும்போது ஹெட்டுலேர்ந்து விட்டுடுச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் விடல. பல்குத்தி முனையில ஒரு துளி க்ளூ தொட்டு, நீங்க ஒட்டின அதே தழும்பு மேலயே வச்சு ஒட்டியிருக்கேன். அந்த ஒரு முனை மட்டும் என் கை.

இப்படிக்கு,
ட்ராய்லேர்ந்து, உங்க கார இப்ப வச்சிருக்கறவன்