சுவரோடு எங்களையும் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

விஸ்கான்சின் மாநிலத்து மினரல் பாயின்ட் அக்கம்பக்கத்தாருக்கும், மேடிசனிலிருந்து ஓடிவந்த நம்மவர்களுக்கும் வணக்கம்.

தண்ணீர் புகுந்து எங்கள் கல் சுவர் சரிந்த அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் நலம், வீடும் நிற்கிறது. தண்ணீர் இறைத்தவர்கள், மோட்டார் கொடுத்தவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தவர்கள், இட்லி மாவோடு வந்து அடுப்படியை ஏற்றுக்கொண்ட அக்காமார், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் நாலு வீடு தள்ளியிருக்கும் கொத்தனார் பெரியவரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, நேரில் சொல்லிவிட்டேன், இருந்தாலும் உங்களுக்கும் தெரியட்டும். சரிந்த கற்களை அள்ளிப் போக டிராக்டர் வந்து நின்றபோது குறுக்கே வந்து தடுத்தவர் அவர்தான். அதோடு போய்விடவில்லை, சேற்றில் மண்டியிட்டு ஒவ்வொரு கல்லாகப் புரட்டித் துடைத்து, எந்தப் பக்கம் முகம் என்று பார்த்து, சாக்பீஸால் எண் போட்டு வரிசையாக அடுக்கினார். இந்தக் குன்றிலேயே வெட்டிய சுண்ணாம்புக்கல், இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஈயம் தோண்ட வந்தவர்கள் செதுக்கியது, இதை விட்டால் எங்கே போய் வாங்குவாய் என்றார். சிமெண்ட் பக்கமே போகாதே, அது இறுகி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், பனிக்காலத்தில் கல்தான் பொரிந்து உதிரும், சுண்ணாம்புக் காரைதான் சரி என்றும் சொன்னார்.

இடிபாட்டில் ஒரு கலீனாக் கட்டி, அதாவது ஈயத்தாதுக் கட்டி, கிடைத்தது. சதுரம் சதுரமான முகங்கள், வெள்ளி மினுக்கம், அந்தச் சின்ன அளவுக்கு நம்ப முடியாத கனம். மகள் ஆசையாக எடுத்தாள், பெரியவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஈயமாச்சே என்று முதலில் அவள் கையைக் கழுவ வைத்தார்.

இந்த ஈயத்துக்காகத்தான் எல்லாரும் இங்கே வந்து குவிந்தார்கள், 1829ல் நம் ஊர் இருக்கும் ஐயோவா கவுண்டியும் உருவானது. அதற்கு முன்பே இதைத் தோண்டிக்கொண்டிருந்த ஹோ-சங்க் பூர்வகுடி மக்களின் கையிலிருந்து அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டு மண்ணை வாங்கியதும் அதே 1829ல்தான், அதை நினைக்கும்போது மனசு கனக்கிறது. அப்புறம் 1849ல் கலிபோர்னியாவில் தங்கம் என்றதும் பலர் கிளம்பிப் போய்விட்டார்கள். கல் வீடுகள்தான் மிச்சம். நாங்கள் இந்தச் சுவரைச் சுண்ணாம்புக் காரையால் மட்டுமே எழுப்பப்போகிறோம், அவர் போட்ட எண்ணின் வரிசையிலேயே.

உறைபனிக்கு முன் முடித்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் கலவை போடுகிறோம், முடிந்தவர்கள் பழைய துணி போட்டுக்கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது, கண்ணாடியும் கையுறையும் வாங்கி வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.