வரத்துக்கால்வாய்க்குக் கைகொடுங்கள்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர் உறவுகளுக்குக் கண்மாய்க் குழுவின் வணக்கம்.

போன மார்கழியில் ஊருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் நல்ல மழைதான். ஆனாலும் நம் கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. வந்த தண்ணீர் பாதி வழியிலேயே உடைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. நெல் பால்பிடிக்கும் நேரத்தில் இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சியிருந்தால் தப்பியிருக்கும். கதிரை உருவிக் கையில் வைத்து ஊதினால் எல்லாமே பதராகப் பறந்தது. கடைசியில் மாட்டை அவிழ்த்து வயலில் விட்டோம்.

இப்படி வெள்ளாமை போன ஒரு வருடத்தில்தான், பத்தாவது முடிக்காத நம் தெருப் பையன் அம்மாவின் தோட்டை அடகு வைத்து வளைகுடாவுக்குப் போனான். டிரைவர் வேலை என்று சொன்ன ஏஜெண்ட் விசிட் விசாவில் ஏற்றிவிட்டார். அங்கே கிடைத்தது சிமெண்ட் மூட்டை சுமக்கும் வேலை. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்துத் திரும்பியபோது அவன் பையில் இருந்தவை கொண்டுபோன அதே நாலு சட்டைகள்தான்.

பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். இது அந்த அம்மாவுக்குத் தெரியாது. முறையாக இ-மைகிரேட் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிந்து வேலை விசாவில் போயிருந்தால் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடாவது இருந்திருக்கும். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான்.

அதனால் இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்யப்போகிறோம். கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். மடைக்குப் பலகை புதிதாகப் போட வேண்டும். தாசில்தார் அலுவலக அனுமதி வாங்கி, கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை மிளகாய்க் கொல்லைகளுக்கு அடிக்கலாம். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைய மண்ணில் சத்து வேண்டுமே! அப்புறம், வெளிநாடு கிளம்புகிறவர்களின் விசா, ஒப்பந்தத் தாள்களை, அங்கே இருந்து திரும்பியவர்களே சாவடியில் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். சிக்கிக்கொண்டவர்களின் டிக்கெட்டுக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்குவோம்.

ஒரு மணி நேர ஜேசிபி வாடகையை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் பெரிய உதவி. ஊர்ப் பொதுக்கணக்கில் செலுத்துங்கள், ரசீது வரும். வரவு செலவைச் சாவடிச் சுவரில் எழுதி வைப்போம். புரட்டாசிப் புழுதி விதைப்புக்கு முன்னால் கால்வாய் வேலை முடிந்தாக வேண்டும். ஆடிப் பதினெட்டுக்குள் அனுப்பிவைத்தால் வண்டிக்குச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
கண்மாய்க் குழுவினர்