சீருடைக்கு நானோ பூச்சு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருமியைக் கொல்வதற்காகத் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துகள்) பூசிய துணிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயத்தை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் பள்ளிச் சீருடையை இந்தத் துணியில் தைத்தால் பிள்ளைகளுக்கு நோய் குறையும் என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பெற்றோர் சிலர் அந்தக் கட்டுரையைக் காட்டி, அடுத்த வருடச் சீருடையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இங்கே மொரிஷியஸில் துணி ஆலையில், நெய்த துணிக்குப் பூச்சும் பதமும் கொடுக்கும் ஃபினிஷிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

இந்தத் துகள்கள் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை. துத்தநாக அயனிகள் கரைந்து வெளிவருகின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உண்டாகின்றன, துகள் ஒட்டும் இடத்தில் கிருமியின் மேலுறை சிதைகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடும், வீரியமும் கூடும். சரி, இதை எப்படிச் சோதிக்கிறார்கள்? துணித்துண்டில் பாக்டீரியாக் கரைசலை விட்டு, ஈரம் காயாமல் ஒரு நாள் அளவுக்கு வைத்திருந்து, பிறகு எத்தனை மிஞ்சியது என்று எண்ணுவார்கள். வகுப்பறையில் அப்படியா நடக்கிறது? பிள்ளைகளுக்குள் தொற்றும் சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. மூச்சிலும் கையிலும்தான் பரவுகின்றன. இதே வேலைக்குப் பூசப்படும் இன்னொரு துகளான டைட்டானியம் டைஆக்சைடு என்றால், வேலை செய்ய புற ஊதா ஒளியும் வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் அதற்குப் பெரிய பலன் இருக்காது.

கட்டுரை தொடாமல் விட்டது சலவை. துணியைக் கரைசலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, சூட்டில் பதப்படுத்துவோம். துகள் ஒட்டி நிற்க பைண்டர் என்ற பசையைச் சேர்க்க வேண்டும். அது கூடினால் துகள் அதற்குள்ளேயே புதைந்து கிருமியைத் தொடாது, துணியும் விறைக்கும். குறைந்தால் துவைக்கத் துவைக்கப் போய்விடும். கரைசலில் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டால் நானோ என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதே போலக் கிருமியைக் கொல்ல நானோ வெள்ளி கலந்த காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது, சிலவற்றில் இருந்த வெள்ளி நாலு அலசலுக்குள் ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. சீருடையையோ வாரத்தில் பல முறை துவைக்கிறோம்.

போனது எங்கே போகும்? இந்தத் தீவில் இன்னும் எத்தனையோ வீடுகளில் கழிவுநீர் குழிக்குள்தான் இறங்குகிறது. அதற்குக் கீழே நிலத்தடி நீர், அதற்கப்பால் லகூன் என்ற ஆழமில்லாத கரையோரக் கடல். கரைந்த துத்தநாகம் கொஞ்சம் இருந்தாலே கடலின் நுண்பாசிகளுக்குக் கேடு. 2020-இல் இங்கே தரைதட்டிய வாகாஷியோ கப்பலின் எண்ணெய் கரையை நெருங்கியபோது நம் ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தடுப்பு கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் சேரும் உலோகத்துக்கு அப்படி ஒரு தடுப்பு கட்ட முடியாது.

இன்னொரு பயமும் உண்டு. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்காகத் தீவனத்தில் அதிக அளவில் துத்தநாக ஆக்சைடு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. உலோகம் சுற்றுச்சூழலில் சேர்வது ஒரு காரணம். துத்தநாகத்தைத் தாங்கப் பழகும் பாக்டீரியா ஆன்டிபயாடிக் மருந்தையும் சேர்த்தே தாங்கக்கூடும் என்ற கவலை இன்னொன்று. கிருமியே இல்லாத சட்டைக்கு ஆசைப்பட்டு, ஆஸ்பத்திரியில் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடக் கூடாது.

தீக்காயக் கட்டுகளுக்கும் மருத்துவமனைப் பொருள்களுக்கும் இந்த ஆராய்ச்சி தொடரட்டும், அதை நான் மனதார வரவேற்கிறேன். சீருடைக்குச் சாதாரணப் பருத்தியும் சோப்பும் வெயிலும் போதும். அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், முப்பது சலவைக்குப் பிறகு செய்த சோதனை அறிக்கையைக் கடைக்காரரிடம் கேட்கட்டும். துணியில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது, துவைத்த நீரில் எவ்வளவு வந்தது என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். இதைத் தயவுசெய்து அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். சீருடைக்குப் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்