அதிமதுரம் யாருக்கு ஆகாது?

ஆசிரியருக்கு,

மழைக்காலத் தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரத்தைப் பரிந்துரைத்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லவில்லை. அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளும்போது உமிழ்நீர் பெருகி, அதன் சாறு புண்பட்ட தொண்டையின் மேல் வழவழப்பாகப் படிந்து எரிச்சலைத் தணிக்கிறது. ஆனால், அதற்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருளே, நாள்கணக்கில் உட்கொண்டால், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்திவிடும்.

இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்ளும் என் தாயாருக்கு, மார்கழிக் குளிரில் இதை நாள்தோறும் மென்றுவந்தபோது அழுத்தம் ஏறி, மருத்துவர் சொல்லி நிறுத்திய பிறகே இறங்கியது. நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அதிமதுரப் பொட்டலங்களில், இரத்த அழுத்தம் உள்ளோரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது என்ற குறிப்பை அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.