கயலிடம் சொல், வகுப்பை விட வேண்டாம்

குவாங்சோ

அன்புள்ள இரகு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் கையெழுத்தைக்கூடக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். மற்ற கதைகளை மணி ஊருக்கு வரும்போது அவன் வாயாலேயே கேட்டுக்கொள், உப்பும் காரமும் சேர்த்துச் சொல்வான். நெடுநாள் எழுதாமல் இருந்துவிட்டு இன்று அவசரமாக எழுதுவதற்குக் காரணம், கயல் சீன வகுப்பை விட்டுவிடப் போகிறாள் என்று நீ போனில் சொன்ன செய்திதான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஒரே எழுத்தை ஒரு பாடத்தில் ‘ஷிங்’ என்று படிக்கச் சொல்கிறார்கள், அடுத்த பாடத்தில் ‘ஹாங்’ என்கிறார்கள். பொருள் கேட்டால் நடப்பது என்றும் வரிசை என்றும் தொழில் என்றும் ‘சரி’ என்றும் அடுக்குகிறார்கள். போதாக்குறைக்கு, இப்படிப் பல ஒலி கொண்ட எழுத்துகளையெல்லாம் அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். இதுதானே அவள் முறையீடு? எனக்கு அந்த அட்டவணையின் மீதுதான் கோபம். எழுத்தை அதன் சொற்களிலிருந்து பிடுங்கித் தனியே நிறுத்தினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? அவள் முட்டிக்கொண்ட அதே எழுத்தைப் பற்றி எழுதுகிறேன், அப்படியே படித்துக் காட்டு.

ஆறே கோடுகளில் எழுதும் எழுத்து அது: 行. இடப்பாதியில் இரண்டு சாய்கோடுகளும் ஒரு நிமிர்கோடும். வலப்பாதியில் இரண்டு கிடைக்கோடுகளும் அடியில் கொக்கி போட்ட ஒரு கோடும். கி.பி. 100-ஐ ஒட்டி ஷூ ஷென் என்ற அறிஞர் தொகுத்த அகராதி, இடப்பாதி ஒரு சிற்றெட்டு, வலப்பாதி எட்டின் நிறுத்தம், இரண்டும் சேர்ந்தால் நடை என்று இதை விளக்கியது. அழகான விளக்கம்தான், ஆனால் அதைவிடப் பழைய சான்று அவர் காலத்தில் மண்ணுக்கடியில் கிடந்தது. ஷாங் அரசர் காலத்தில் குறி கேட்பதற்காக எலும்பிலும் ஆமை ஓட்டிலும் பொறித்த எழுத்துகள் 1899-இல்தான் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பொறிப்புகளில் இந்த எழுத்து அப்பட்டமான நாற்சந்தியாக, இரண்டு தெருக்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் படமாக இருக்கிறது. இன்றும் இதை இரண்டாகப் பிளந்து, நடுவே ‘மண்’ என்ற எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை எழுதினால் ‘தெரு’ என்ற எழுத்து வந்துவிடும்.

தெருவில் ஆள் நடக்கிறான், அது ஷிங். பாதசாரி ஷிங்ரென், பயணத்துக்குக் கட்டிக்கொள்ளும் மூட்டை முடிச்சு ஷிங்லி, சைக்கிளின் பெயருக்குள்ளும் ஒரு ஷிங் உண்டு. ஒருவன் நடந்துகொள்ளும் விதமும் இதே எழுத்துதான். முன்பு அந்தப் பொருளுக்கு மட்டும் ஒலியைக் கீழிறக்கிப் படித்தார்கள். நாமும் நடையிலிருந்துதானே நடத்தைக்குப் போனோம்? ‘நடக்குமா?’ என்று கேட்டால் ‘நடக்கும்’ என்கிறோம் அல்லவா, அவர்களும் அந்த இடத்தில் ‘ஷிங்’ என்று ஒற்றைச் சொல்லில் சம்மதம் சொல்கிறார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு இதில் எது புதிது?

தெரு என்றால் வரிசையும்தான். வரிசையும் எழுத்து வரியும் ஹாங். தாங் அரசர் காலத்துத் தலைநகரச் சந்தையில் ஒரே பொருளை விற்பவர்கள் ஒரே வரிசையில் கடை வைத்திருந்தார்கள். அதனால் வரிசை என்ற சொல் தொழிலுக்கும், பிறகு வணிக நிறுவனத்துக்கும் ஆகிவந்தது. வெள்ளியே பெரும் பணமாகப் புழங்கிய நாட்டில் ‘யின்’ என்ற வெள்ளியோடு ஹாங் சேர்ந்து யின்ஹாங் ஆனது, அதுதான் வங்கி. நான் துணி எடுக்கப் போகும் மொத்த விலைச் சந்தை இருக்கும் தெருவுக்கு ‘பதின்மூன்று ஹாங்’ என்று பெயர். 1757 முதல் 1842 வரை மேலை நாட்டுக் கப்பல்கள் சீனாவில் இந்த ஊரில் மட்டுமே வணிகம் செய்ய முடிந்தது, அதுவும் அரசு உரிமம் பெற்ற இந்த ஹாங்குகளின் வழியாக. பெயரில் பதின்மூன்று என்றாலும் எண்ணிக்கை கூடிக் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது. இவ்வூர்க் காண்டனீஸ் பேச்சில் இதையே ‘ஹோங்’ என்பார்கள். இன்று அந்தத் தெருவில் விடியற்காலையிலேயே துணிமூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒதுங்கி நிற்கக்கூட இடம் கிடைக்காது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘ஒரே’ என்று பொருள்படும் ‘தோங்’ என்ற எழுத்தை முன்னால் போடு. தோங்ஷிங் என்று படித்தால் கூடப் பயணம் போகிறவர். தோங்ஹாங் என்று படித்தால் ஒரே தொழில் செய்கிறவர். எழுத்தில் இம்மி வேறுபாடு கிடையாது. ரயிலும் ஊரும் பேச்சில் வந்தால் ஒன்று, சரக்கும் விலையும் வந்தால் மற்றொன்று. வாக்கியம் முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாய் திறக்க முடியும் என்று ஒரு மொழி தன் வாசகனிடம் கேட்பது எத்தனை பெரிய மரியாதை!

காகம், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரியா ஒலிக்கிறது? கயல் என்றைக்காவது அட்டவணை போட்டுப் படித்தாளா? நமக்கு எழுத்து நிற்கும் இடம் ஒலியைச் சொல்கிறது, அவர்களுக்குச் சொல்லின் பொருள் சொல்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே அவள் எழுத்தைப் படிக்க வேண்டாம், சொல்லைப் படிக்கட்டும். யின்ஹாங் என்று முழுதாக நாக்கில் ஏறிவிட்டால், அதை யின்ஷிங் என்று படிக்க அவளாலேயே முடியாது. ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல். சோங்சிங் நகரத்தின் பெயரில் வரும் முதல் எழுத்துக்குக் ‘கனம்’ என்ற பொருளில் ‘ஜோங்’ என்று ஒலி. ‘மறுபடியும்’ என்ற பொருளில் ‘சோங்’. முன்பு அந்தப் பகுதிக்கு இளவரசராக இருந்தவர் 1189-இல் பேரரசரும் ஆனதால், இரட்டைக் கொண்டாட்டம் என்று பெயரிட்டார்கள். இந்தக் கதையைக் கேட்டவளுக்கு அந்த ஒலி மறக்குமா?

இரகு, ஒன்றை நேராகவே சொல்கிறேன். நீ வயலினை விட்டது விரல் வராமல் அல்ல. பாட்டு ஒன்றும் காட்டாமல் வரிசைகளையே ஆண்டுக்கணக்கில் வாசிக்க வைத்ததால். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. உன் பெண்ணுக்கு உன்னைவிட நல்ல காது இருக்கிறது. போன விடுமுறையில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே நான்கு ஆண்டு படிக்க வருகிறவர்களும் கேட்பதில்லை. கட்டணம் கட்டியாகிவிட்டது என்பதற்காக அவளை வற்புறுத்தாதே. ஆனால் அந்த அட்டவணைக்காக அவள் விடுவதையும் பார்த்துக்கொண்டிருக்காதே.

அவள் தடுமாறும் எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சொற்களும் அவை வரும் வாக்கியங்களும் எழுதி, என் குரலிலேயே பதிந்து அனுப்புகிறேன். மணி கிளம்புவதற்குள் முதல் கட்டு தயாராகிவிடும். அவன் பெட்டியில் உனக்கான தேயிலையும் இருக்கும், வழியில் அவன் பிரிக்காமல் இருந்தால்.

அன்புடன்,
சேகர்